வீட்டு வாசலில் ஏறுகம்பம்: பழையபேட்டை பட்டறை வேலை எப்படி?

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் இரும்புக் கேட்டு, ஜன்னல் கிரில் எல்லாம் செய்கிற ஒரு வெல்டிங் பட்டறையில் மகளுக்குப் பயிற்சிக் கம்பம் செய்து வாங்கினோம். நல்ல வேலை, அதிலும் அடித்தளம் ரொம்ப நல்ல வேலை, ரப்பர் உறை மட்டும் சரியில்லை. வீட்டில் கம்பம் வைக்க நினைக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

மகள் மல்லர் கம்பம், அதாவது மரக் கம்பத்தில் ஏறிச் செய்யும் உடற்பயிற்சி வித்தை, பழகுகிறாள். அதற்கான தேக்குக் கம்பம் அடியில் 55 செ.மீ. சுற்றளவில் தொடங்கி மேலே போகப் போக ஒடுங்கும், அப்படிக் கடைசல் பிடித்த மரம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அவளுக்கு வீட்டில் வேண்டியது ஏறும் பலமும், கம்பத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பைக் கொடி மாதிரி பக்கவாட்டில் நீட்டி நிற்கிற பலமும்தான். சர்க்கஸ்காரர்கள் ஏறும் சீனக் கம்பம், அதாவது ரப்பர் சுற்றிய இரும்புக் குழாய், அதற்குப் போதும் என்று அவளுடைய மாஸ்டரும் சொன்னார். தரைக்கும் தளத்துக்கும் நடுவில் முறுக்கி நிறுத்துகிற 45 மி.மீ. கம்பம் இணையத்தில் கிடைக்கிறது. ஆனால் அதைத் தாங்க மேலே உறுதியான தளம் வேண்டும், எங்களுடையது ஓட்டு வீடு, அதனால் வாசலில்தான் நட வேண்டியிருந்தது.

முதலில் விசாரித்த வேறொரு இடத்தில் ஒரு அடி குழி தோண்டி சிமென்ட் போட்டால் போதும் என்றார்கள். பழையபேட்டை பட்டறைக்காரர் விலையே பேசாமல், "பாப்பா எத்தனை கிலோ இருக்கும் சார், உச்சிக்குப் போய்ப் பக்கவாட்டுல நீட்டுமா?" என்று கேட்டார். எனக்கு நம்பிக்கை வந்தது அந்தக் கேள்வியில்தான், ஏனென்றால் நேராக ஏறும்போது கம்பத்துக்குப் பெரிய சுமை இல்லை, பத்தடி உயரத்தில் ஒரு உடம்பு பக்கவாட்டில் நீளும்போதுதான் அடிப்பகுதி முழு விசையையும் வாங்குகிறது.

குழாய் இரண்டு அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு), சி கிளாஸ், அதாவது சுவர் கனமான வகை. வாங்கும்போது சிவப்புப் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள், நீலம் பி கிளாஸ், மஞ்சள் ஏ கிளாஸ், இந்த வேலைக்கு மஞ்சள் வேண்டவே வேண்டாம். சி கிளாஸில் வெளிவிட்டம் 60.3 மி.மீ., சுவர் 4.5 மி.மீ. கனம். இருபதடி முழு நீளம் 37 கிலோவை ஒட்டி வரும், அதில் பதினைந்தடி வெட்டி மூன்றடி மண்ணுக்குள், பன்னிரண்டடி மேலே என்று வைத்தோம். நம்ம ஊர் மண் தெரியுமே, இரண்டடியிலேயே பாறை தட்டியது. அதோடு நிறுத்தாமல் பிரேக்கர் வைத்து உடைத்து மூன்றடியை எட்டினார்கள். குழியில் இரண்டரை அங்குலக் குழாயை உறையாக நிறுத்தி கான்கிரீட் போட்டு, அதற்குள் கம்பத்தை இறக்கி போல்ட் முறுக்கினார்கள். வேண்டும்போது கழற்றி எடுக்கலாம். உறைக்கு அடியில் ஜல்லி கொட்டியதால் மழைத் தண்ணீர் தேங்குவதில்லை. அப்புறம், மின்கம்பத்துக்கு இழுத்துக் கட்டுவார்களே, அந்த மாதிரி மூன்று பக்கமும் ஸ்டே கம்பி, ஒவ்வொன்றிலும் கம்பியை முறுக்கி இறுக்க ஒரு டர்ன்பக்கிள். கான்கிரீட் முழுசாக இறுக 28 நாள் ஆகும், அதுவரை பாப்பாவை ஏற விடாதீர்கள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ரப்பர்தான் குறை. ஷீட்டைப் பசை தடவி ஒட்டினார்கள், வெயில் ஏறியதும் மேல் விளிம்பு பெயர்ந்து வந்துவிட்டது. சொன்னதும் வந்து திரும்ப ஒட்டினார்கள், ஆனாலும் இணைப்பு இன்னும் மேடாகத்தான் இருக்கிறது, சறுக்கி இறங்கும்போது உடையில் மாட்டுகிறது. சொன்ன நாளுக்குள் முடிக்கவும் இல்லை.

கீழே எட்டு அங்குல ஃபோம் மெத்தை, கம்பத்தைச் சுற்றி வருகிற மாதிரி இரண்டு பாதியாக, மெத்தைக் கடையில் தனியாகத் தைக்கக் கொடுத்தோம். இதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். ரப்பரில் உரசினால் தோல் உரியும், முழுக்கை சட்டை, நீளக்காற்சட்டை போட்டுத்தான் ஏற வேண்டும். மரக் கம்பத்துக்குப் பூசும் விளக்கெண்ணெயை இதில் தடவவே கூடாது. கோடையில் காலை எட்டு மணிக்கு மேல் குழாய் சுடுகிறது.

மெத்தை தவிர எல்லாம் சேர்த்து பதினைந்தாயிரத்துக்குள் முடிந்தது. குழி, கம்பம், ஸ்டே கம்பிக்குக் கண்ணை மூடிக்கொண்டு இவர்களிடம் கொடுக்கலாம். ரப்பர் உறையை மட்டும் இணைப்பில்லாத குழலாக நீங்களே வாங்கிக் கொடுத்து, கம்பத்தை நடுவதற்கு முன்பே மாட்டச் சொல்லுங்கள்.