செட்டா, பெர்லா? நூறு கோப்புகளில் ஒரு பெயரை மாற்ற

நிரலில் ஒரு ஃபங்ஷனின் பெயரை நூறு கோப்புகளில் மாற்ற வேண்டும். உரையைத் திருத்தும் செட் (sed) கட்டளையா, பெர்ல் (Perl) நிரல்மொழியா, எதை எடுப்பது?

கிடைப்பது: செட் 1970களிலிருந்தே யுனிக்ஸில் உண்டு, சின்னஞ்சிறு கண்டெய்னரிலும் (நிரலை ஓட்டும் தனிச் சூழல்) பெரும்பாலும் இருக்கும். 1987இல் வந்த பெர்லைச் சில இடங்களில் தனியாக நிறுவ வேண்டும்.

கோப்பிலேயே மாற்றுவது: இங்கேதான் செட் காலை வாரும். லினக்ஸில் ‘மைனஸ் ஐ’ (-i) போதும். மேக்கிலோ அதற்குப் பின் பேக்கப் பெயரின் வால் (பழைய நகலின் பெயரோடு ஒட்டும் பின்னொட்டு) ஒன்றையும் கேட்கும். வேண்டாமென்றால் வெற்று மேற்கோள்குறியாவது தர வேண்டும். இதை மறந்து அரைமணி நேரம் முழித்திருக்கிறேன். பெர்ல் இரண்டிலும் ஒரே மாதிரி. ஆனால் ‘மைனஸ் பி ஐ’ (-pi), ‘மைனஸ் ஈ’ (-e) என்று பிரித்தே எழுதுங்கள். சேர்த்து எழுதினால் அந்த ‘ஈ’யைப் பேக்கப் வால் என்று எடுத்துக்கொள்ளும்!

பேட்டர்ன் (தேடும் உரையின் வடிவம்): செட் வரிவரியாகப் படிப்பதால், பல வரிகளில் பரவிய ஃபங்ஷன் அழைப்பை மாற்றுவது பெரும்பாடு. பெர்லில் ‘மைனஸ் 0777’ கொடுத்தால் முழுக் கோப்பும் ஒரே சரமாக வரும்.

வேகம்: சாதாரண வேலையில் வித்தியாசம் தெரியாது.

லினக்ஸ் மட்டும், ஒற்றை வரி மாற்றம் என்றால் செட். மேக்கும் கலந்த குழு, சிக்கலான பேட்டர்ன் என்றால் பெர்ல். அப்புறம், கோப்புப் பட்டியலை ‘கிட் கிரெப்’பிடம் (நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டின் தேடல் கட்டளை) வாங்குங்கள், கோப்புகளைத் தேடும் வெறும் ‘ஃபைண்ட்’ கிட்டின் மறைந்த கோப்புறைக்குள்ளும் புகும், ரெப்போவே (கிட்டின் நிரல் களஞ்சியம்) கெட்டுப்போகலாம்.