4,80,000 ரூபாய் போச்சு: இஆர்பி வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

திருப்பூரில் சின்ன பனியன் யூனிட் நடத்துகிறேன். நூல் வாங்குவதிலிருந்து ஷிப்மென்ட் வரை எல்லாம் திரையிலேயே தெரியும் என்று சொல்லி ஒரு இஆர்பி (யூனிட்டின் எல்லா வேலையையும் ஒரே இடத்தில் பார்க்கும் சாஃப்ட்வேர்) கம்பெனி 4,80,000 ரூபாய் வாங்கிக்கொண்டது. ஜிஎஸ்டி தனி. இன்று அது எங்கள் கணக்கர் கம்ப்யூட்டரில் ஒரு ஐகான், அவ்வளவுதான்.

நம்ப வைத்தது ஒரு எக்செல் ஷீட். விற்க வந்த பையன் கட்டிங் மாஸ்டரிடம் பொறுமையாகப் பேசிவிட்டு லேப்டாப்பைத் திறந்தான். மேலே எங்கள் யூனிட் பெயர். "துணி வேஸ்ட் குறையறதுல மட்டும் மாசம் 40,000 மிச்சம்ங்கண்ணா. பன்னெண்டே மாசத்துல போட்ட காசு வந்துடும்." எங்கள் வேஸ்டை அவன் எடை போட்டே பார்க்கவில்லை. 4,80,000-ஐப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள், அந்த 40,000 வரும். விடையை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டிருக்கிறான்! வருஷத்துக்கு 86,400 ரூபாய் ஏஎம்சி (பராமரிப்புக் கட்டணம்), என்ட்ரி போடும் ஆளின் சம்பளம், சிசி லோன் (பேங்கின் கேஷ் கிரெடிட் கடன்) வட்டி எதுவும் அந்த ஷீட்டில் இல்லை.

சாயப்பட்டறைக்கு 100 கிலோ துணி போனால் 100 கிலோவாகத் திரும்பாது, ஊருக்கே தெரியும். இந்த சாஃப்ட்வேருக்குத் தெரியாது. குறைந்த கிலோவெல்லாம் டையிங்கிலேயே கிடப்பதாக ஸ்டாக் காட்டும். கேட்டால் "டிக்கெட் போடுங்க", அதாவது புகாரைப் பதிவு பண்ணுங்கள். போட்டால் "டெவலப்மென்ட் டீம் பாக்கறாங்க". அப்புறம் "உங்க ஸ்டாஃபுக்கு டிரெய்னிங் பத்தலைங்க". கடைசியில் "பிராசஸ் லாஸ் கஸ்டமைசேஷன்ல வரும்ங்க, தனி கொட்டேஷன்". திருப்பூரில் விற்க வந்துவிட்டு பிராசஸ் லாஸ் தனியாம்!

அந்தக் கம்பெனி மேனேஜரைப் பிடித்தால் ஆறுதல் வேறு. 1999-இல் அமெரிக்காவில் ஹெர்ஷே சாக்லேட் கம்பெனியே இப்படித் தடுமாறியதாம். உண்மைதான். 11 கோடி டாலர் போட்டும் ஹாலோவீன் ஆர்டருக்குச் சரக்கு அனுப்ப முடியாமல் முழித்தார்கள். ஏன் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை: சீசன் நெருங்கும்போது எல்லாவற்றையும் ஒரே அடியாகப் புது சிஸ்டத்துக்கு மாற்றினார்கள். எங்களுக்கும் ஷிப்மென்ட் வாரத்தில் அதையேதான் செய்தார்கள். ஹெர்ஷே தாங்கும். நான் அந்த 4,80,000-க்கு இன்னும் வட்டி கட்டுகிறேன்.

விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் ஓடவில்லை. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விற்பவன் சொல்லும் மிச்சத்தை எடுக்காதீர்கள், உங்கள் வேஸ்டை நீங்களே எடை போடுங்கள். செலவை ஏஎம்சி, சம்பளம், வட்டி சேர்த்து ஐந்து வருஷத்துக்குக் கூட்டுங்கள். டெமோவை உங்கள் டையிங் டீசியை (சாயப்பட்டறைக்குத் துணி போய்வரும் டெலிவரி சலானை) வைத்து ஓட்டச் சொல்லுங்கள். பாதிப் பணத்தைக் கையிலேயே வையுங்கள். விலகினால் டேட்டாவை எக்செலில் தருவதாக எழுதி வாங்குங்கள். எனக்கு பிடிஎஃப்தான் வந்தது, அதுவும் பாதி.