பழைய பென்ஸ் லாரி ஸ்டியரிங் வீல்: புதுசு போடுவதா, பழசையே சரி செய்வதா?

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். மூக்கு நீண்ட பழைய டாடா மெர்சிடிஸ்-பென்ஸ் லாரி வைத்திருந்து, அதன் ஸ்டியரிங் வீல் வெடித்துப் பொரிந்து போயிருந்தால், கடையில் கிடைக்கும் புது வீலை வாங்கி மாட்டாதீர்கள். உள்ளே இருக்கும் இரும்பு நன்றாக இருக்கிற வரைக்கும் பழசையே புதுப்பிப்பதுதான் சரி. நாமக்கல் பக்கம் பெயர்ப் பலகைகூட இல்லாத ஒரு பட்டறையில், என் எல்-312 மாடல் லாரியின் வீலைக் கொடுத்துப் புதுப்பித்து வாங்கினேன். வேலைக்குப் பத்துக்கு எட்டு போடலாம், சொன்ன தேதிக்குத் தருவதில் நாலுதான்.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1954இல் டாடா, ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸோடு ஒப்பந்தம் போட்டு ஜாம்ஷெட்பூரில் செய்ய ஆரம்பித்த லாரி வரிசை இது. ஒப்பந்தம் 1969இல் முடிந்து பென்ஸின் நட்சத்திரச் சின்னம் போய்விட்டது, ஆனாலும் எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு அது இன்றைக்கும் ‘பென்ஸ் லாரி’தான். பவர் ஸ்டியரிங் என்ற பேச்சே இல்லாத வண்டி. நம் நாட்டு லாரிகளுக்கு அசோக் லேலண்ட் அதைக் கொண்டுவந்ததே 1969இல்தான். அதனால் வீல் கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் அடி அகலம். லோடு ஏற்றிய வண்டியை நின்ற இடத்தில் திருப்ப டிரைவர் உடம்பையே அதில் போட்டு இழுக்க வேண்டும். அப்படி எத்தனையோ வருஷம் இழுத்த கைகளின் வேர்வையும் கிரீஸும் சேர்ந்து, பிடிக்கிற இரண்டு இடத்திலும் விரல் பதியும் மேடுபள்ளமெல்லாம் மழுங்கிப் போயிருந்தது.

தேய்மானம் பெரிய தொல்லை இல்லை, வெடிப்புதான். உள்ளே வளைந்த இரும்புக் கம்பி, அதன்மேல் அந்தக் காலத்துக் கெட்டியான பிளாஸ்டிக் மாதிரி வார்ப்பு. வெயிலில் இரும்பு ஒரு அளவு விரியும், மேலே இருப்பது வேறு அளவு விரியும், போதாததற்கு வயசாக ஆக மேல்பூச்சு சுருங்கிக்கொண்டே வரும், உள்ளே இருக்கும் கம்பி சுருங்க விடாது, கடைசியில் எங்கேயாவது பிளந்துதானே ஆக வேண்டும். பெரும்பாலும் கம்பிக் கை வந்து வட்டத்தில் சேரும் இடத்தில் பிளக்கும். அதற்குள் மழைத்தண்ணீர் போனால் துரு. நம் ஆட்கள் இதையெல்லாம் ரெக்ஸின் உறை தைத்து, கலர் வயர் சுற்றி மறைத்துவிடுவார்கள். உறையைப் பிரித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

புது வீலையும் விசாரிக்காமல் இல்லை. சென்னை புதுப்பேட்டையில் கேட்டேன், சேலத்தில் கேட்டேன். இரண்டாயிரத்துக்குள் பளபளவென்று கிடைக்கிறது, ஆனால் எல்லாம் பிற்கால வண்டிகளுக்கானவை. வட்டம் சின்னது, பிடி தடிமன் வேறு, நடுவில் ஷாஃப்டில், அதாவது ஸ்டியரிங் தண்டில், உட்காரும் பல் பொருந்தவில்லை. ஒரு கடைக்காரர் ‘நடுவைக் கடைந்து, பழைய பாஸை (தண்டில் உட்காரும் நடுப்பகுதியை) வெட்டி வெல்டு வைத்துத் தருகிறேன், ஓடும்’ என்றார். ஓடும், சரி. இறக்கத்தில் அந்த வெல்டு விட்டால் யார் ஓட்டுவது? இந்த ஒரு வேலையை மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில் சின்ன வட்டம் போட்டால் தோள்பட்டை வேறு போய்விடும்.

பட்டறைக்காரர் செய்த வேலைக்கு வருகிறேன். வீலைக் கையில் வாங்கியதும் பெயிண்ட் பற்றிப் பேசவில்லை. நடு பாஸையும் கம்பிக் கைகளின் வேரையும் சுரண்டித் துடைத்து, லென்ஸ் வைத்துப் பார்த்தார். அங்கே கீறல் இருந்தால் வேலையை எடுக்கவே மாட்டாராம். அதிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. பிறகு ஒவ்வொரு வெடிப்பையும் ஹேக்ஸா பிளேடால் வி மாதிரி அகலப்படுத்தினார். மயிரிழைக் கீறலுக்குமேல் பட்டி தடவினால் அடுத்த கோடையிலேயே திரும்ப வாய் திறந்துவிடும், உள்ளே கம்பி வரைக்கும் அறுத்து, துருவைத் தேய்த்து, தின்னரால் துடைத்து நிரப்பினால்தான் நிற்கும். நிரப்பியது ஐந்து நிமிஷத்தில் இறுகும் ரகம் இல்லை, மெதுவாக இறுகும் அரல்டைட் பசை. ராத்திரி முழுக்க விட்டு, மறுநாள் அரம், அப்புறம் உப்புத்தாள், கடைசியில் தண்ணீர்த் தாள். மழுங்கிப்போன விரல் மேடுகளை, தேயாத பகுதியில் அட்டை வைத்து அச்செடுத்து, அதே அளவுக்கு மறுபடி எழுப்பியிருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு தடவினால் எது பழசு எது புதுசு என்று எனக்குத் தெரியவில்லை. இந்த வேலைக்காகத்தான் எட்டு.

குறை இருக்கிறது. மேலே அடித்த ஹார்டனர் கலந்த கறுப்பு பெயிண்ட் பிரமாதமான கெட்டி, ஆனால் ஜிலேபி பாகு மாதிரி மினுக்குகிறது. அந்தக் கால வீல் இப்படி மின்னியதே இல்லை. வேர்த்த கைக்கு வழுக்கவும் செய்கிறது. மினுக்கம் குறைவாக வேண்டும் என்று முன்கூட்டியே அழுத்திச் சொல்லுங்கள். ஹாரன் பட்டனின் ஸ்பிரிங் ஒன்றைத் தொலைத்துவிட்டு, வேறு ஏதோ போட்டு அனுப்பியிருந்தார், அதனால் பட்டனைத் தொடாமலே ஹாரன் அலறியது. கூலி 4,500 ரூபாய். இவ்வளவு கைவேலைக்கு நியாயம்தான்.

வீலைக் கழற்றுவது உங்கள் பொறுப்பு. பேட்டரி வயரை எடுத்துவிட்டு, ஷாஃப்டிலும் பாஸிலும் நேராக ஒரு குறி போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மாட்டும்போது கோணலாக உட்காரும். நட்டை முழுசாக எடுக்காமல் இரண்டு மரை விட்டு, புல்லர் என்ற இழுக்கும் கருவியைப் போட்டு இழுங்கள். நட்டு இல்லாமல் இழுத்தால் வீல் திடீரென்று விட்டு வந்து முகத்தில் அடிக்கும். சுத்தியலால் ஷாஃப்ட் தலையில் அடிக்கும் மெக்கானிக்கைக் கிட்டே விடாதீர்கள், அந்த அடி நேராகக் கீழே, வீல் திருப்புவதைச் சக்கரங்களுக்குக் கடத்தும் ஸ்டியரிங் பாக்ஸுக்குப் போகும். கழற்றும் முன்பே வீலில் எவ்வளவு ஆட்டம், அதாவது சக்கரம் அசையாமல் வீல் மட்டும் எவ்வளவு சும்மா திரும்புகிறது என்றும் பாருங்கள். மோட்டார் வாகன விதிப்படி 30 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது. அதைத் தாண்டினால் பணத்தை முதலில் பாக்ஸுக்கும், ஸ்டியரிங் கம்பிகளை இணைக்கும் பால் ஜாயிண்டுக்கும் போடுங்கள், வீல் அழகு பிறகு.

ஆயுத பூஜைக்கு முந்தைய மாதம் மட்டும் கொடுக்காதீர்கள். அப்போது அந்தப் பட்டறையில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும், உங்கள் வீல் மூலையில் சாக்குக்கு அடியில்தான் கிடக்கும்.