கணக்கு வகுப்பில் கேசியோ 991 எம்எஸ்: பல வருட அனுபவம்

பேனா டேப்லெட், ஸ்மார்ட் போர்டு, வரைபட மென்பொருளான ஜியோஜீப்ரா என்று எது வந்தாலும் வகுப்பில் போட்டுப் பார்த்துவிடுவேன். பொறியியல் கல்லூரியில் கணிதம் நடத்துகிறேன். கருவிகள் மேல் ஆசை எனக்கு எப்போதுமே உண்டு. ஆனாலும் மாணவர்களை யோசிக்க வைத்ததில் முதலிடம் எதற்கு என்று கேட்டால், கேசியோ எஃப்எக்ஸ்-991 எம்எஸ் கால்குலேட்டரைத்தான் சொல்வேன். பல பேட்ச் மாணவர்களோடு சேர்ந்து பயன்படுத்திப் பார்த்த பிறகு எழுதுகிறேன்.

நம் ஊர் பொறியியல் மாணவர்களுக்கு இதை அறிமுகப்படுத்தவே தேவையில்லை. சூரிய ஒளித் தகடு ஒன்று, கூடவே எல்ஆர்44 பட்டன் பேட்டரி ஒன்று. பேட்டரி வாட்ச் கடையிலேயே கிடைக்கும். இரண்டு வரித் திரை, பத்து இலக்கம், 3×3 வரை அணிகள், மூன்று மாறிச் சமன்பாடுகள், முப்படிச் சமன்பாடு. புரோகிராம் எழுத முடியாது என்பதால் தேர்வு அறையில் பொதுவாகச் சிக்கல் இல்லை.

முதலாண்டு வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் இது புதுப் பொருள். பிளஸ் டூ கணிதப் பொதுத்தேர்விலும் ஜேஇஇ-யிலும் கால்குலேட்டருக்கு அனுமதி கிடையாது. அதனால் கையில் கிடைத்ததும் விடையைக் கொடுக்கும் பெட்டியாக மட்டுமே பார்க்கிறார்கள். அந்தப் பார்வையை மாற்ற எனக்குக் கிடைத்த சிறந்த வழி, கடைசியாக வந்த விடையை நினைவில் வைத்திருக்கும் ஆன்ஸ் பொத்தான்.

கோண அளவை ரேடியனில் வைத்து 1 அழுத்திச் சமக்குறி போடச் சொல்வேன். அப்புறம் 'காஸ் ஆன்ஸ்' அடித்து, சமக்குறியை மட்டும் தட்டிக்கொண்டே போக வேண்டும். 0.540, 0.857, 0.654, 0.793 என்று எண்கள் தாவும். போகப் போக ஆட்டம் குறைந்து, ஐம்பது தட்டு அளவில் 0.739085133 என்று நின்றுவிடும். வகுப்பு முழுக்க ஒரே எண். 'ஏன் அங்கே நிற்கிறது?' என்று கேட்டதும் சலசலப்பு தொடங்கும். எக்ஸும் காஸ் எக்ஸும் சமமாகும் இடம் அதுதான் என்று யாராவது ஒருவர் கண்டுபிடித்துவிடுவார். நிலைப்புள்ளி என்ற சொல்லை அதற்குப் பிறகுதான் கரும்பலகையில் எழுதுவேன்.

ஒரு வருடம் கடைசி பெஞ்சில் ஒரு பையன். தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தவன், வகுப்பில் வாயே திறக்க மாட்டான். அன்றைக்கு எழுந்து நின்றான். "மேடம், ஒரு தடவை மேல போகுது, ஒரு தடவை கீழ வருது. ரெண்டுக்கும் சராசரி எடுத்துட்டா சீக்கிரம் நின்னுடாதா?"

"செஞ்சு பாருப்பா, நாங்களும் செய்யறோம்" என்றேன். ஆன்ஸையும் காஸ் ஆன்ஸையும் கூட்டி இரண்டால் வகுத்தோம். பத்துப் பன்னிரண்டு தட்டிலேயே அதே எண் வந்து நின்றது. அவனை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. சரிபாதி எதற்கு என்று கேட்டுப் பங்கை மாற்றிப் பார்த்தான். 0.4 பங்கு ஆன்ஸ், 0.6 பங்கு காஸ் ஆன்ஸ். நாலைந்து தட்டில் முடிந்துவிட்டது!

இதற்குக் காரணம் சொல்லத்தான் கணிதம் வேண்டும். காஸின் வகைக்கெழு மைனஸ் சைன். அந்தப் புள்ளியில் சைனின் மதிப்பு சுமார் 0.674. அதனால் ஒவ்வொரு தட்டிலும் பிழை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகத்தான் குறைகிறது, அதுவும் குறி மாறி மாறி. சராசரி எடுத்தால் பிழையைப் பெருக்கும் எண் 0.163 ஆகிவிடும். காஸ் ஆன்ஸின் பங்கு எவ்வளவு இருந்தால் அது பூஜ்ஜியமாகும் என்று கணக்குப் போட்டால் 1-ஐ 1.674-ஆல் வகுத்தது, அதாவது 0.597 வருகிறது. பையன் கை போன போக்கில் பிடித்த 0.6 அதுதான். அந்தப் பங்கை ஒவ்வொரு படியிலும் புதிதாகக் கணக்கிட்டால் அதுவே, சமன்பாட்டின் தீர்வைப் படிப்படியாக நெருங்கும் நியூட்டன்-ராப்சன் முறை. பாடத்திட்டத்தில் சூத்திரமாக வருவதை அந்த வகுப்பு தானே நடந்து போய்ச் சேர்ந்தது. திறமை என்பது மதிப்பெண் பட்டியலில் மட்டும் தெரிவதில்லை என்று நான் உறுதியாக நம்புவதற்கு அந்தப் பையனும் ஒரு காரணம்.

இதே விளையாட்டை டிகிரியில் ஆடச் சொல்லுங்கள். இரண்டு மூன்று தட்டிலேயே 0.9998477 என்று உறைந்துவிடும். ஏன் இவ்வளவு வேகம் என்பதை வீட்டுப்பாடமாகக் கொடுக்கலாம். டிகிரிக்கும் ரேடியனுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிட நன்றாக நான் சொல்லிக்கொடுத்ததில்லை.

அடுத்து, தொகையிடல். எம்எஸ் உள்ளுக்குள் சிம்ப்சன் விதியைத்தான் பயன்படுத்துகிறது, அதாவது வளைகோட்டின் கீழுள்ள பரப்பைத் துண்டு துண்டாக்கிக் கூட்டுகிறது. எத்தனை துண்டு என்பதையும் நாமே கொடுக்கலாம்: 1 கொடுத்தால் 2 துண்டு, 2 கொடுத்தால் 4, 3 கொடுத்தால் 8. 4-ஐ (1 + எக்ஸ்²)-ஆல் வகுத்து 0 முதல் 1 வரை தொகையிட்டால் விடை பை. இரண்டு துண்டில் 3.133333333, நான்கில் 3.141568627, எட்டில் 3.1415925 என்று நெருங்கி வருவது கண்முன்னே தெரியும். தாளில் அட்டவணை போட்டுச் செய்ததும் இதுவும் ஒத்துப்போகும்போது, எண்ணியல் முறைகள் பாடம் சட்டென்று பிடித்துப்போகிறது. பின்னால் வந்த கேசியோ இஎஸ் வரிசை கௌஸ்-கிரான்ராட் என்ற வேறொரு தொகையிடல் முறைக்கு மாறிவிட்டது. துல்லியம் அதிகம்தான், ஆனால் துண்டுகள் மாணவன் கண்ணில் படுவதில்லை. கற்பிக்கிறவளுக்கு அது பெரிய இழப்பு.

டிசம்பர் 22, ராமானுஜன் பிறந்தநாள், தேசிய கணித தினம். அன்று கட்டாயம் ஒன்று செய்வோம். 2143-ஐ 22-ஆல் வகுத்து, வர்க்கமூலத்தை இரண்டு தடவை எடுக்க வேண்டும். திரையில் 3.141592653. பை பொத்தானை அழுத்தினால் 3.141592654. கடைசி இலக்கத்தில் மட்டும் வேறுபாடு. 1914-இல் வெளிவந்த ராமானுஜன் கட்டுரையில் உள்ள தோராயம் இது. பத்து இலக்கத் திரையின் விளிம்பு வரை வந்துவிட்டார் மனிதர்! எனக்கு இன்னமும் புல்லரிக்கும்.

குறைகளும் உண்டு. பின்னத்தைப் புத்தகத்தில் இருப்பதுபோல் மேலும் கீழுமாகக் காட்டாது. ஒரே வரியில் அடிக்க வேண்டும். அடைப்புக்குறியை மறந்தால் விடை தப்பும். பாதி மாணவர்களின் பிழை இந்த இடத்தில்தான். யாராவது ரேடியனில் விட்டுவிட்டால் சைன் 30 என்பது மைனஸ் 0.988 என்று வரும். அதனால் எந்தத் தேர்வுக்கு முன்னாலும் சைன் 30-ஐப் போட்டு 0.5 வருகிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்கிறேன். நான்கு மாறிச் சமன்பாடு, 4×4 அணி இதில் நடக்காது. அதற்கு 991 இஎக்ஸ் வேண்டும். அதில் விரிதாள் வசதியும் உண்டு, புள்ளியியல் படிப்பவர்களுக்கு உதவும். அதற்கும் பின்னால் வந்த 991 சிடபிள்யூவில் பொத்தான் அமைப்பையே மாற்றிவிட்டார்கள். எம்எஸ்ஸில் கை பழகியவர்கள் தேர்வுக்கு முந்தின வாரம் அதற்கு மாறாமல் இருப்பது நல்லது.

வரைபடம் பார்க்க வேண்டுமென்றால் ஜியோஜீப்ராவைத் திறக்கிறேன், அதில் தயக்கமில்லை. ஸ்லைடரை இழுத்தால் வளைகோடு அசைவது அழகுதான். ஆனால் அங்கே அசைப்பது பெரும்பாலும் நான், பார்ப்பது அவர்கள். கால்குலேட்டர் அறுபது பேர் கையிலும் இருக்கிறது. அறுபது பேரும் தட்டுகிறார்கள்.

முதலாண்டு சேரும் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுப்பதாக இருந்தால் எம்எஸ்ஸே போதும். நல்ல கடையில் பில்லோடு வாங்குங்கள், போலிகள் நிறைய உலவுகின்றன. வாங்கிய அன்றைக்கே ரேடியனில் போட்டு 'காஸ் ஆன்ஸ்' அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு காஸுக்குப் பதிலாகச் சைன் போட்டால் ஏன் அது லேசில் நிற்க மாட்டேன் என்கிறது என்று கேளுங்கள்.