வீட்டு வீடியோவை டிவிடி ஆக்க எந்த மென்பொருள்? டிவிடி ஸ்டைலரும் மற்றவையும்

எம்பி4 கோப்புகளை அப்படியே வட்டில் காப்பி செய்தால் கிடைப்பது டேட்டா டிவிடி. கணினியில் ஓடும், டிவியோடு இணைத்த பழைய பிளேயரில் பெரும்பாலும் ஓடாது. அந்தப் பிளேயர் எதிர்பார்ப்பது எம்பெக்-2 என்ற முறையில் சுருக்கிய வீடியோ. இந்தியா போன்ற நாடுகளின் டிவி முறையான பால் (PAL) என்றால் 720×576, அமெரிக்கா போன்ற நாடுகளின் என்டிஎஸ்சி (NTSC) என்றால் 720×480. வீடியோ_டிஎஸ் என்ற ஃபோல்டருக்குள் விஓபி, ஐஎஃப்ஓ, பியூபி கோப்புகளாக அது இருக்க வேண்டும். இதைச் செய்து தருவதுதான் ஆத்தரிங் மென்பொருள். கடைப் பக்கங்களில் மெனு டெம்ப்ளேட் எத்தனை என்றுதான் எண்ணிக் காட்டுவார்கள். வாங்கும் முன் பார்க்க வேண்டியவை மூன்று: பிட்ரேட்டை (ஒரு வினாடி வீடியோவுக்குச் செலவாகும் தரவின் அளவை) நாமே வைக்க முடிகிறதா, ஃபீல்டு வரிசையை (ஒரு ஃபிரேமின் ஒன்றுவிட்ட கோடுகளாலான இரண்டு பாதிகளில் எது முதலில் வரும் என்பதை) மாற்ற முடிகிறதா, வட்டில் எழுதாமல் ஐஎஸ்ஓ கோப்பாக (முழு வட்டின் நகலாக) மட்டும் எடுக்க முடிகிறதா. இவை இல்லாத மென்பொருளுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

மூன்றையும் இலவசமாகத் தருவது டிவிடி ஸ்டைலர். விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் உண்டு. எஃப்எஃப்எம்பெக் கொண்டு வீடியோவை மாற்றி, டிவிடிஆத்தர் கொண்டு வட்டின் கட்டமைப்பை உருவாக்குகிறது. முகப்பு பழைய காலத்துப் பாணிதான், ஆனால் அரை மணி நேரத்தில் கை பழகிவிடும். புதிய புராஜெக்ட் தொடங்கியதும் வரும் முதல் ஜன்னலிலேயே வட்டின் கொள்ளளவு, பிட்ரேட், பால் அல்லது என்டிஎஸ்சி, 4:3 அல்லது 16:9, ஒலி வகை எல்லாவற்றையும் கேட்கும். அவசரப்பட்டு ஓகே அழுத்திவிடாதீர்கள். வட்டு எந்த நாட்டில் ஓடப்போகிறதோ அந்த நாட்டு முறையைத் தேர்ந்தெடுங்கள். பால் பிளேயர்கள் பல என்டிஎஸ்சி வட்டையும் ஓட்டிவிடும், என்டிஎஸ்சி நாடுகளில் விற்ற பிளேயர்கள் பால் வட்டைப் பெரும்பாலும் ஏற்காது. ஒலிக்கு ஏசி-3, 192 அல்லது 224 கேபிபிஎஸ் (வினாடிக்குக் கிலோபிட்) போதும். சுருக்காத பிசிஎம் ஒலி 1.5 எம்பிபிஎஸ்ஸுக்கு (வினாடிக்கு மெகாபிட்) மேல் விழுங்கும். அந்த இடம் படத்துக்குப் போகட்டும்.

தரத்தைத் தீர்மானிப்பது பிட்ரேட்தான். 4.7 ஜிபி வட்டில் உள்ளது 470 கோடி பைட், அதாவது 37,600 மெகாபிட். இதை வீடியோவின் மொத்த வினாடிகளால் வகுத்து, கட்டமைப்புக்கு 4 சதவீதம் கழித்து, ஒலிக்கு 0.2 எம்பிபிஎஸ் கழித்தால் படத்துக்கு மிஞ்சும் பிட்ரேட் தெரியும். 90 நிமிடத்துக்குச் சுமார் 6.5 எம்பிபிஎஸ். 2 மணி நேரத்துக்கு 4.8. மூன்று மணி நேரத்தைத் திணித்தால் 3.1-தான். கையில் பிடித்து எடுத்த வீட்டு வீடியோ சினிமாவைப் போல அல்ல: ஆட்டம் இருக்கும், மங்கிய வெளிச்சத்தில் புள்ளிகள் கொதிக்கும். இரண்டும் எம்பெக்-2-வின் பிட்டுகளைத் தின்பவை. 5 எம்பிபிஎஸ்ஸுக்குக் கீழே போனால் ஓடும் குழந்தையின் முகம் கட்டம் கட்டமாக உடையும். ஆகவே ஒரு வட்டுக்கு 90 நிமிடம் என்று வைத்துக்கொண்டு, மீதியை அடுத்த வட்டுக்குத் தள்ளுவதே நல்லது. மறுபக்கம், டிவிடி விதிப்படி வீடியோவின் உச்சம் 9.8 எம்பிபிஎஸ் என்றாலும் 8-ஐத் தாண்ட வேண்டாம். பர்ன் செய்த வட்டுகளை அந்த வேகத்தில் படிக்கத் திணறும் பிளேயர்கள் உண்டு. படம் அங்கங்கே நின்று நின்று போகும்.

அடுத்தது ஃபீல்டு வரிசை. மினிடிவி (MiniDV) டேப் கேமராவின் வீடியோ கீழ் ஃபீல்டு முதலில் வரும் வகை. ஏவிசிஎச்டி, எச்டிவி (HDV) கேமராக்களின் இன்டர்லேஸ் (ஃபிரேமை இரண்டு ஃபீல்டாகப் பிரித்த) வீடியோ மேல் ஃபீல்டு முதலில். இதை மாற்றி வைத்துவிட்டால் கணினியில் எந்தக் குறையும் தெரியாமல் இருக்கலாம். டிவியில் போட்டதும் ஓடுவது, நடப்பது எல்லாம் முன்னும் பின்னும் வெட்டி வெட்டி நடுங்கும். டிவிடி ஸ்டைலரில் கீழே உள்ள வீடியோ படத்தின் மேல் இரட்டைக் கிளிக் செய்தால் திறக்கும் அமைப்பில் இதை வைக்கலாம். அதே இடத்தில் வீடியோ வகையைக் 'காப்பி' என்று மாற்றும் வசதியும் உண்டு. டிவிடி கேமராவிலோ ரெக்கார்டரிலோ பதிவான கோப்பு ஏற்கெனவே முறையான எம்பெக்-2-ஆக இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். மறுபடி சுருக்குவது நேரத்துக்கும் கேடு, படத்துக்கும் கேடு.

போனில் எடுத்த வீடியோக்களுக்கு வேறொரு தொல்லை. அவற்றின் ஃபிரேம் வேகம் நிலையாக இருக்காது. அப்படியே ஆத்தரிங்கில் போட்டால் பத்து நிமிடத்துக்குப் பிறகு உதடும் குரலும் பிரிந்து போகலாம். முதலில் வீடியோ மாற்றும் மென்பொருளான ஹேண்ட்பிரேக்கில் நிலையான ஃபிரேம் வேகம் என்று தேர்ந்து, பாலுக்கு 25, என்டிஎஸ்சிக்கு 29.97 வைத்து, உயர்ந்த தரத்தில் எச்.264 ஆக்கிக்கொள்ளுங்கள். ஹேண்ட்பிரேக் டிவிடி செய்யாது, இந்த முன்வேலைக்கு மட்டும். நாற்பது சின்னத் துண்டுகளைத் தனித்தனி டைட்டிலாக அடுக்காமல், எடிட்டிங்கில் ஒன்றாகச் சேர்த்து அத்தியாயங்கள் வையுங்கள். டைட்டில் மாறும் இடமெல்லாம் பிளேயர் ஒரு நொடி முழித்துக்கொண்டு நிற்கும். ஒரு வட்டில் 99 டைட்டிலுக்கு மேல் இடமும் இல்லை.

மெனுவில் தமிழ்த் தலைப்பு வைப்பவர்கள் முன்னோட்டத்தில் கொம்பும் காலும் சரியாக விழுகின்றனவா என்று பாருங்கள். உடைந்தால், தலைப்பைப் படம் திருத்தும் மென்பொருளில் எழுதிப் பின்னணிப் படமாகவே போட்டுவிடுங்கள். எழுத்தை ஓரத்திலிருந்து பத்து சதவீதம் உள்ளே தள்ளி வையுங்கள். பழைய டிவிகள் ஓரத்தை வெட்டிவிடும். பட்டனைத் தேர்ந்தெடுக்கும்போது வரும் நிறம் பல்பல்லாகத் தெரிந்தால் மென்பொருளைக் குறை சொல்லாதீர்கள். டிவிடியில் அந்த அடுக்குக்கு ஒரு நேரத்தில் நான்கு நிறம்தான், அதிலும் ஒன்று ஒளி ஊடுருவலுக்கு. கோப்புப் பெயர்களில் மட்டும் ஆங்கில எழுத்தும் எண்ணும் போதும்.

இனி மற்றவை. டிவிடி ஃப்ளிக் விண்டோஸில் மிக எளிது: கோப்பைப் போடு, பட்டனை அழுத்து. ஆனால் அதன் கடைசிப் பதிப்பு 2009-இல் வந்தது. எச்.265 என்ற வீடியோ சுருக்கு முறையே 2013-இல்தான் வந்தது. புதிய போன்கள் அந்த வகையில் பதிவு செய்த வீடியோவை டிவிடி ஃப்ளிக்கால் படிக்க முடியாது. பழைய ஏவிஐ கோப்புகள் மட்டும் இருப்பவருக்கு இன்றும் அது போதும். மேக்கில் ஆப்பிளின் ஐடிவிடியைத் தேடுபவர்கள் விட்டுவிடலாம். அது 32-பிட் மென்பொருள், 2019-இல் வந்த மேக் இயங்குதளமான கேட்டலினாவிலிருந்து திறக்காது. விண்டோஸ் டிவிடி மேக்கர் விண்டோஸ் 7-ஓடு முடிந்தது. காசு கொடுக்கத் தயார் என்றால் டிஎம்பிஜிஎன்க் ஆத்தரிங் ஒர்க்ஸ். முறையான எம்பெக்-2 வீடியோவை வெட்டும்போது வெட்டிய இடத்தை மட்டும் மறுபடி சுருக்கி, மற்றதை அப்படியே வைக்கும். ரெக்கார்டர் பதிவுகள் பெட்டி பெட்டியாக வைத்திருப்பவருக்கு அந்த ஒரு வசதிக்கே விலை தகும். எதை வாங்கினாலும் முதலில் சோதனைப் பதிப்பில் ஐந்து நிமிட வீடியோவை முழுமையாகச் செய்து பாருங்கள். படத்தின் மேல் முத்திரை பதிக்கும் சோதனைப் பதிப்புகள் உண்டு. ஆகவே குடும்ப வீடியோவின் இறுதி வேலையை அதில் தொடங்க வேண்டாம்.

டிவிடி ஸ்டைலரில் நேரடியாக வட்டில் எழுதாமல் ஐஎஸ்ஓ ஆக்குங்கள். அதற்கு வட்டில் போகும் அளவைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் காலி இடம் வேண்டும். ஐஎஸ்ஓவை விஎல்சி என்ற வீடியோ மென்பொருளில் திறந்து மெனு, அத்தியாயம், கடைசி ஐந்து நிமிடத்தின் குரல் ஒத்திசைவு மூன்றையும் பாருங்கள். பிறகு வட்டில் எழுதும் மென்பொருளான இம்க்பர்னில் சரிபார்ப்பைத் தேர்ந்து, 16எக்ஸ் வட்டு என்றாலும் 4எக்ஸ் அல்லது 8எக்ஸ் வேகத்தில் எழுதுங்கள். பழைய பிளேயருக்கு டிவிடி-ஆர் வட்டே பாதுகாப்பு. முதல் பிரதியை அழித்து எழுதக்கூடிய ஆர்டபிள்யூ வட்டில் எழுதி, அது ஓடப்போகும் பிளேயரிலேயே போட்டுப் பார்த்த பிறகு மற்றப் பிரதிகளை எடுங்கள். ஐஎஸ்ஓவையும் மூல வீடியோக்களையும் ஹார்ட் டிஸ்கிலிருந்து அழிக்காதீர்கள். 720×576-க்குச் சுருங்கிய படத்திலிருந்து மூலத்தைத் திரும்ப எடுக்க வழி கிடையாது.