டெல்லிப் பல்கலையின் சி.எஸ்.ஏ.எஸ். தளம்: வரிசையை யோசித்துப் போடுங்கள்

டெல்லிப் பல்கலைக்கழகத்தில் கட் ஆஃப் பட்டியல் காலம் 2022-ல் முடிந்துபோனது. இப்போது க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வின் மதிப்பெண், அதற்குப் பிறகு இடங்களை ஒதுக்கும் சி.எஸ்.ஏ.எஸ். என்ற ஒரே இணையதளம். 60-க்கும் மேற்பட்ட கல்லூரிகளின் இளநிலை இடங்கள் அதற்குள் இருக்கின்றன. பதிவுக் கட்டணம் ரூ.250, எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு ரூ.100. நம்பிப் பயன்படுத்தலாம், ஆனால் கவனம் பிசகினால் மன்னிக்காது.

நம்மவர்களுக்கு முதல் சிக்கல் இனிஷியல். பெயர், புகைப்படம், கையெழுத்து மூன்றும் க்யூட் விண்ணப்பத்திலிருந்து தானாக வந்துவிடும், இங்கே திருத்த முடியாது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘கார்த்திக் எஸ்’ என்றிருக்க, க்யூட்டில் ‘கார்த்திக் சுந்தரம்’ என்று விரித்து எழுதினால் சரிபார்ப்பில் கேள்வி வரும். அடுத்தது ஓ.பி.சி. சான்றிதழ். தமிழ்நாட்டு பி.சி., எம்.பி.சி. அட்டை போதாது. மத்தியப் பட்டியல்படி, பிள்ளையின் பெயரில், சேரும் ஆண்டின் மார்ச் 31-க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும்.

க்யூட் தமிழ்த்தாளும் மற்ற தாள்களைப் போல 50 கேள்வி, 250 மதிப்பெண்தான். பொருளாதாரம் ஆனர்ஸுக்கு ஒரு மொழி, கணிதம், கூடவே இரண்டு பாடங்கள் கணக்காகும். அந்த மொழி ஆங்கிலமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் (டி.டி.இ.ஏ.) பள்ளிகளில் தமிழ் படித்த பிள்ளைகள் இதை விட்டுக்கொடுக்கவே கூடாது. கணிதத்தை எழுதாமல் விட்டால்தான் பொருளாதாரம் கைவிட்டுப் போகும்.

தளத்தின் உயிர்நாடி விருப்ப வரிசை. கல்லூரியும் பாடமும் சேர்ந்தது ஒரு விருப்பம். எத்தனை வேண்டுமானாலும் போடலாம். மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, உங்கள் மதிப்பெண்ணுக்குக் கிடைக்கிற முதல் இடத்தைக் கொடுக்கும். எட்டாததை மேலே போட்டால் எட்டுவதும் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். ஸ்ரீராம் காலேஜ் பி.காம். ஆனர்ஸை முதலில் போட்டதால், ஐந்தாவதாகப் போட்ட ஸ்ரீ வெங்கடேஸ்வரா கல்லூரி நழுவிவிடாது. நாலைந்தோடு நிறுத்திக்கொள்வதுதான் ஆபத்து. முதல் சுற்றுக்கு முன் உத்தேச ரேங்க் காட்டி, வரிசையை மாற்றக் கொஞ்சம் அவகாசமும் தருவது மிக நல்ல ஏற்பாடு.

இடம் வந்த பிறகு ‘அக்செப்ட்’ அழுத்த ஒரு கெடு, கல்லூரி ஒப்புதல் தந்ததும் கட்டணம் கட்ட இன்னொரு கெடு. அக்செப்ட் அழுத்தாவிட்டால் அடுத்த சுற்றுகளிலும் பெயர் இருக்காது. ‘அப்கிரேட்’ கேட்டு மேலே ஒன்று கிடைத்துவிட்டால் கையிலிருந்த இடம் தானாகவே ரத்து. மறுபடி கேட்க முடியாது. அதனால் நிஜமாகப் போய்ப் படிக்க முடியாத கல்லூரியை மேலே வைக்காதீர்கள். உதாரணமாக, கிழக்கு டெல்லியின் மயூர் விஹார் ஃபேஸ் ஒன்றில் மெட்ரோவின் பிங்க் லைன் ஏறினால் வண்டி மாறாமல் துர்காபாய் தேஷ்முக் சவுத் கேம்பஸில் இறங்கி வெங்கடேஸ்வராவுக்கு நடந்துவிடலாம். நார்த் கேம்பஸ் என்றால் ப்ளூ லைனில் ராஜீவ் சௌக், அங்கே மாறி விஸ்வவித்யாலயா. பிள்ளை தினமும் போய்வர வேண்டிய தூரம் அது.