சுவரில் நுரை அடித்தால் சத்தம் நிற்காது: 84,000 ரூபாய் கொடுத்துத் தெரிந்துகொண்டேன்

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன்: 84,000 ரூபாய். இதை எழுதும் இந்த நிமிடத்திலும் வீடெங்கும் மீன் நாற்றம் அடிக்கிறது. நாங்கள் சைவம்.

மகன் மிருதங்கம் கற்கிறான். மார்கழியில் ஒரு சபாவில் பிற்பகல் கச்சேரிக்கு வாசிக்கும் வாய்ப்பு வந்திருக்கிறது. தினமும் மூன்று மணி நேரம் சாதகம் செய்தாக வேண்டும். நங்கநல்லூரில் அடுக்குமாடிக் குடியிருப்பு, இரண்டாம் மாடி. எங்களுக்கு நேர் கீழே இருக்கும் பெரியவருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்து நான்கு மாதம்தான் ஆகிறது. அவர் சண்டைக்காரர் அல்ல. "தம்பி நன்றாகத்தான் வாசிக்கிறான், ஆனால் என்னால் படுக்க முடியவில்லை சார்" என்று வாசலில் நின்று சொன்னார். திட்டியிருந்தால்கூடப் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

வீட்டு வேலைகளுக்கு ஆள் அனுப்பும் செயலி ஒன்றில் தேடினேன். ஸ்ப்ரே ஃபோம் அடித்தால் அறை சவுண்ட் புரூஃப் ஆகிவிடும் என்று படத்துடன் விளம்பரம், நாலரை நட்சத்திரம். மறுநாளே ஒருவர் வந்தார்.

வந்தவர் அளவு நாடாவை வெளியே எடுக்கவே இல்லை. "தம்பி ஒரு ஆவர்த்தனம் வாசியுங்கள்" என்றார். அவன் வாசிக்க, இவர் கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டார். தன் மகள் வீணை கற்பதாகவும், பக்கத்து வீட்டுக்காரர்களால் அவளும் அழுதிருப்பதாகவும் சொன்னார். என் மனைவி இரண்டாவது காபி கொண்டுவந்து கொடுத்தாள். நான் விழுந்தது அந்த இடத்தில்தான். தாளத்தைச் சரியாகப் போடுகிற மனிதன் கணக்கில் தப்பு செய்யமாட்டான் என்று எந்த மடையன் எனக்குச் சொல்லிக்கொடுத்தானோ!

பிறகு ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே நுரை ஒட்டியிருந்தது. கைபேசியில் பாட்டு போட்டு உள்ளே வைத்து மூடினார், சத்தம் அடங்கியது. மூவரும் வியந்தோம். நேற்று இரவு கோபத்தில் எங்கள் வீட்டு அரிசி டின்னுக்குள் அதே பாட்டைப் போட்டு மூடிப் பார்த்தேன். அதிலும் அடங்குகிறது. அரிசி டின் 600 ரூபாய்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, உயரம் பத்து அடி. நான்கு சுவரும் கூரையும் சேர்ந்து 560 சதுர அடி, அடிக்கு 150 ரூபாய். கதவையும் ஜன்னலையும் கழிக்கவில்லை என்பது பிறகுதான் உறைத்தது. தரையை என்ன செய்வது என்று கேட்டேன். "சத்தம் சூடான காற்று மாதிரி சார், மேலேதான் போகும்" என்றார். கீழ்வீட்டுக்காரருக்காகச் செய்கிற வேலையில் தரையை மட்டும் விட்டுவிட்டு மற்ற ஐந்து பக்கத்துக்கும் நுரை அடிக்க ஒப்புக்கொண்டு 50,000 ரூபாய் முன்பணம் கொடுத்தவன், பொறியியல் பட்டம் பெற்ற நான்.

இரண்டு பேர் வந்து, இரண்டு டிரம்மிலிருந்து குழாய் இழுத்து, ஒரே பகலில் இரண்டு அங்குல கனத்துக்கு அடித்து முடித்தார்கள். முகத்தில் கைக்குட்டை கட்டியிருந்தார்கள், அவ்வளவுதான் பாதுகாப்பு. மாலையில் அந்த மனிதர் வந்து அறை நடுவில் நின்று கை தட்டினார். "கேளுங்கள் சார், எதிரொலி இருக்கிறதா?" இல்லை. உண்மையிலேயே இல்லை. அந்த மகிழ்ச்சியில் மீதி 34,000 ரூபாயையும் அவர் எண்ணுக்கு நேராக அனுப்பினேன். செயலி வழியாக வேண்டாம், ஜிஎஸ்டி மிச்சம் என்று அவர் சொன்னதற்கும் தலையாட்டினேன்.

அன்று இரவு ஏழு மணிக்கு மகன் உட்கார்ந்தான். ஏழே காலுக்கு அழைப்பு மணி. கீழ்வீட்டுப் பெரியவர். "வேலை என்றைக்கு சார் ஆரம்பிக்கப் போகிறார்கள்?" என்று கேட்டார்.

உள்ளே மிருதங்கத்தின் வலது பக்கமான வலந்தலையின் நாதம் செத்துவிட்டது. "அப்பா, துணிமூட்டையை அடிக்கிற மாதிரி இருக்கிறது" என்கிறான். இடது பக்கமான தொப்பியின் கனத்த கும்காரமோ முன்பு போலவே கீழ்வீட்டுக்கு இறங்குகிறது. ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்க்கும் நண்பனை அழைத்தேன். பத்து நிமிடத்தில் விளக்கினான். அறைக்குள் எதிரொலி குறைவது வேறு, சத்தம் வெளியே போகாமல் நிற்பது வேறு. மென்மையான நுரை முதலாவதைச் செய்யும், அதுவும் மேல் ஸ்தாயிக்குத்தான். இரண்டாவதற்கு எடை வேண்டும், அதிர்வு தரைக்கும் சுவருக்கும் தாவாதபடி இடைவெளி வேண்டும். இந்த வகை நுரை ஒரு கன மீட்டருக்குச் சுமார் 8 கிலோ. கணக்குப் போட்டேன்: இரண்டு அங்குல கனத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 400 கிராம். அதற்குப் பின்னால் இருக்கும் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் அதே சதுர மீட்டருக்கு 400 கிலோ! அந்தச் சுவரையே மீறிப் போகும் சத்தத்தை 400 கிராம் எப்படி நிறுத்தும்? தரையில் ரப்பர் தாங்கிகள் மேல் கனமான மேடை போட்டு, கதவு இடுக்கை அடைத்திருந்தால் ஓரளவாவது குறைந்திருக்கும் என்றான்.

அந்த மனிதரை அழைத்தேன். முதல் முறை: "நுரை காய வேண்டும் சார், ஒரு வாரம் பொறுங்கள்." ஒரு வாரம் கழித்து: "உங்கள் தரைதான் பிரச்சினை, 18,000 கொடுத்தால் கார்பெட் போட்டுவிடலாம்." மேலே போகிற சத்தம் எப்போது கீழே இறங்கியது என்று கேட்டேன். இணைப்பு துண்டிக்கப்பட்டது. மூன்றாம் முறை யாரோ ஒரு பெண் எடுத்து "சார் சைட்டில் இருக்கிறார்" என்றார். இன்றுவரை சைட்டிலேயே இருக்கிறார். செயலிக்காரர்களோ, பணம் வெளியே கொடுக்கப்பட்டதால் பொறுப்பில்லை என்று எழுதி, என் சிரமத்துக்கு வருந்திப் புகாரை மூடிவிட்டார்கள். கையிலிருக்கும் ஒரே தாளில் 'அக்கூஸ்டிக் வேலை' என்று இருக்கிறது. சவுண்ட் புரூஃப் என்ற சொல் அதில் எங்கும் இல்லை. தேடித் தேடிப் பார்த்துவிட்டேன்.

அந்த மீன் நாற்றத்துக்குக் காரணம், இரண்டு டிரம்மின் ரசாயனமும் உரிய விகிதத்தில் கலக்காததாக இருக்கலாம் என்று தெரிகிறது. அதில் ஒன்று ஐசோசயனேட், ஆஸ்துமாவைக் கிளப்பக்கூடியது. அன்று இரவே அந்த அறையில் படுக்கலாம் என்று சொன்னார் அந்தப் பாவி, படுத்தோம். மனைவிக்கு இருமல் இன்னும் நிற்கவில்லை. சுவிட்ச் பலகை சரிசெய்ய வந்த எலக்ட்ரீஷியன் பார்த்துப் பதறிப்போனார்: இந்த நுரை பாலியூரிதேன், தீப்பிடித்தால் நச்சுப் புகை, இதை மூடாமல் யாராவது விடுவார்களா என்றார். தேடிப் படித்தேன். 2003இல் அமெரிக்காவின் ரோட் தீவில் ஓர் இரவு விடுதியில் இப்படிப்பட்ட நுரையில் தீப்பிடித்து 100 பேர் இறந்தார்கள், 2013இல் பிரேசிலின் சாண்டா மரியாவில் இன்னொரு இரவு விடுதியில் 242 பேர். அதற்குப் பிறகு மகனை அந்த அறையில் படுக்கவிடவில்லை.

சுரண்டினால் பூச்சோடு பெயர்ந்து வருகிறது. எடுக்க, பூச, வண்ணம் அடிக்க ஒரு மேஸ்திரி 40,000 கேட்கிறார். 84,000க்கு மேல் இது வேறு.

பத்து எச்சரிக்கைகள் எழுதலாம் என்று உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. மீதித் தொகையைக் கொடுப்பதற்கு முன் வாத்தியத்தை உள்ளே வாசிக்கச் சொல்லி, நீங்கள் பக்கத்து வீட்டில் போய் நின்று கேளுங்கள். கை தட்டிக் காட்டினால் நம்பாதீர்கள். என்ன வாக்குறுதியோ அதே சொல்லைத் தாளில் எழுதி வாங்குங்கள். செயலிக்கு வெளியே ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். நுரையைத் திறந்தபடி விடாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, நான் இன்று காலை அழைத்துப் பதிவு செய்திருக்கிறேன்.

மணி ஏழே கால் ஆகிறது. அழைப்பு மணி அடிக்கிறது. யாரென்று தெரியும்.